வாசல் விளக்கை யார் தேர்ந்தெடுப்பது?



மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் பஸ் ஏறிப் போனாலும் இப்போது புது வீடுகள்தான் கண்ணில் படுகின்றன. ஊமச்சிகுளம், விளாங்குடி, நாகமலை புதுக்கோட்டை, ஒத்தக்கடை என்று வயலும் கண்மாய்க்கரையுமாக இருந்த இடங்களில் எல்லாம் பிளாட் போட்டு, வீடு எழும்பி, காம்பவுண்டு சுவரும் கேட்டும் வந்துவிட்டன. கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, எல்லாம் முடிந்து கடைசியாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு. அதுதான் வாசல் விளக்கு. கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பம், அதன் தலையில் ஒரு கண்ணாடி உருண்டை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அடுப்படி மேடைக்கு என்ன கல், பூஜை அறைக் கதவில் எத்தனை மணி என்றெல்லாம் நம்மைக் கேட்கிறார்கள். வாசல் விளக்கு விஷயத்தில் மட்டும் வீட்டுக்காரரும் எலக்ட்ரீஷியனும் நின்ற நிலையிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். நாம் ஏதாவது வாயைத் திறந்தால், "கரண்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று ஒரே பதில்! கரண்டைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். ஆனால் வாசலைப் பற்றி நம்மைவிட யாருக்குத் தெரியும்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடிந்தும் விடியாமலும் வாளித் தண்ணீரோடு வாசலுக்குப் போவது யார்? தெளித்து, கூட்டி, குனிந்து கோலம் போடுவது யார்? செருப்பு போடாத ஈரக்காலோடு, ஈரக்கையோடு அந்த இரும்புக் கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்பது நாம்தான். ராத்திரி பத்து மணிக்கு யாராவது கேட்டைத் தட்டினால், வந்திருப்பது யாரென்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் நாம்தான். ஆகவே வாசல் விளக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் நமக்குத்தான் என்பது என் கருத்து. அந்த உரிமையோடு நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த டிசைன்?" என்பது அல்ல. "எர்த் இருக்கா?" என்பதுதான்.

மதுரைக்காரர்களுக்கு விளக்குக் கம்பம் என்பது புதிய சங்கதி இல்லை. தீபாவளிக்கு ஜவுளி எடுக்க விளக்குத்தூண் பக்கம் போகாத பெண் நம்மில் யாராவது உண்டா? துணிப் பைகளைச் சுமந்துகொண்டு, ஒரு ஜிகர்தண்டாவைக் குடித்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். அந்த இடத்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று நின்று பார்த்தவர்கள் குறைவு. 1830, 1840-களில் மதுரை கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரர். கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்த ஊரை விரிவாக்க, சுவரை இடித்து அகழியை மூட வைத்தார். வெளி வீதிகள் அப்படிப் பிறந்தவைதான். அந்த வேலையை முன்னின்று நடத்திய மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரில் இன்றும் வீதிகள் இருக்கின்றன. அந்தக் கலெக்டரின் நினைவாக ஊர்க்காரர்கள் வைத்ததுதான் விளக்குத்தூண். இன்று அங்கே உள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான். ஒருவருக்கு நன்றி சொல்ல நினைத்த ஊர், நாலு பேர் நடக்கிற வீதியில் ஒரு விளக்கை வைத்தது பாருங்கள்! விளக்குக் கம்பம் என்பது வைத்தவர்களின் பெருமைக்கு மட்டுமல்ல, நடந்து போகிறவர்களின் காலுக்கு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

நம் பாட்டிமார் காலத்து வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். திண்ணையை ஒட்டி, நிலைக்கதவுக்கு இரண்டு பக்கமும் சுவரில் சின்ன விளக்கு மாடம் இருக்கும். அதற்குள் ஓர் அகல் விளக்கு. கண்ணைக் குத்தாது. ஆனால் வாசற்படி தெரியும், வருகிறவர் முகம் தெரியும். காற்றுக்கும் அணையாது. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள்! இப்போது நாம் காசைக் கொட்டி வாங்குகிற விளக்கில் பல சமயம் படியும் தெரிவதில்லை, முகமும் தெரிவதில்லை. கண்தான் கூசுகிறது.

காரணம் இதுதான். சுற்றிலும் திறந்த கண்ணாடி உருண்டையில் பாதி வெளிச்சம் வானத்துக்குப் போய்விடுகிறது. மீதியில் பெரும் பங்கு நேராக நம் கண்ணுக்கு வருகிறது. பிரகாசமான ஒன்றைப் பார்த்த கண்ணுக்கு அதற்குப் பின்னால் உள்ள இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும். எதிரில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு லாரி வரும்போது ரோட்டோரம் நடப்பவர் தெரியாமல் போகிறாரே, அதே கதைதான். கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றாலும் நமக்குத் தெரியாது. ஆகவே மேலே குடை போல மூடி இருந்து, வெளிச்சம் கீழே விழுகிற மாதிரி விளக்காக வாங்குங்கள். கம்பம் ஏழெட்டு அடி உயரம் இருந்தால் வீட்டு வாசலுக்குப் போதும். அதற்கு மேல் போனால் வெளிச்சம் எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்குத்தான் போகும். அந்த வீட்டுக் கைக்குழந்தை தூங்க வேண்டாமா?

அடுத்தது நிறம். பல்பு டப்பாவின் மேல் 2700, 3000, 6500 என்று ஓர் எண் போட்டு, பக்கத்தில் 'கே' என்ற எழுத்து இருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் டியூப் லைட் மாதிரி வெள்ளை வெளேர் என்று நீலம் கலந்த வெளிச்சம். கடைக்காரர் வெள்ளையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். "பளிச்சுன்னு இருக்கும்மா" என்பார். வாங்காதீர்கள். வெள்ளை வெளிச்சம்தான் பூச்சிகளை அதிகம் இழுக்கும். ஐப்பசியில் ஒரு மழை பெய்து விட்டதும் ஈசல் கிளம்புகிறதே, அது நேராக இந்த விளக்குக்குத்தான் வரும். ஈசலுக்குப் பின்னால் பல்லி, தவளை. தவளைக்குப் பின்னால் யார் வருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை! வயலை ஒட்டிப் புது வீடு கட்டியிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதிலும் கட்டுவிரியன் இருட்டிய பிறகு நடமாடுகிற ஜாதி. மஞ்சள் விளக்கு போட்டால் பூச்சி அறவே வராது என்று சொல்லவில்லை. குறையும். விளக்கையும் நிலைக்கதவுக்கு நேர் மேலே வைக்காமல் கேட் பக்கம் தள்ளி வைத்தால், வருகிற பூச்சியும் வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே நின்றுவிடும். பாதையும் பளிச்சென்று தெரியும். படியில் என்ன கிடக்கிறது என்று பார்த்துக் கால் வைக்கலாம்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

2017 நவம்பர் 1-ந் தேதி சென்னை கொடுங்கையூரில் தேங்கிய மழைத் தண்ணீரில் கிடந்த மின்வயரை மிதித்து, தெருவில் விளையாடிய இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். 2019 செப்டம்பரில் முகலிவாக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுவன். தெருவிளக்குக்குப் போகும் கேபிள் மண்ணுக்கு வெளியே வந்து கிடந்தது. அதை மிதித்த பிள்ளை வீடு திரும்பவில்லை. அதெல்லாம் சென்னையில், அதுவும் தெருவில் நடந்தது என்று பேப்பரை மடித்து வைத்துவிடலாமா? நம் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள இரும்புக் கம்பத்துக்கும் மண்ணுக்கடியில்தானே வயர் போகிறது? நமக்கும் மழை பெய்யத்தானே செய்கிறது? 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோமே!

விஷயம் இதுதான். கம்பத்துக்குள் போகிற வயரில் எங்காவது ஓரிடத்தில் எலி கடித்து, அல்லது வெயிலில் வெடித்துத் தோல் உரிந்தால், கரண்ட் கம்பத்தின் உடம்பில் ஏறிக்கொள்ளும். விளக்கு எப்போதும் போல எரிந்துகொண்டே இருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஈரக்காலோடு நாம் அதைத் தொட்டால், நம் உடம்பு வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகும். எர்த் வயர் என்பது அந்தக் கரண்டுக்கு நாம் முன்கூட்டியே போட்டு வைக்கிற வேறு வழி. இரும்புக் கம்பத்தோடு பச்சை நிற எர்த் வயரைப் போல்ட் நட்டு வைத்து முடுக்கி, வீட்டு எர்த்தோடு சேர்த்திருக்க வேண்டும்.

சில இடங்களில் வேலையைச் சீக்கிரம் முடிக்க, சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மட்டும் இழுத்துவிட்டு, "லைட்டுக்கு எதுக்கும்மா எர்த்து?" என்று சொல்வார்கள். இன்னும் சிலர் கறுப்பு வயரான நியூட்ரலையே கம்பத்தின் உடம்பில் முடுக்கிவிட்டு, "அதுவும் எர்த்துதான்" என்பார்கள். அது எர்த் இல்லை சகோதரிகளே! நியூட்ரல் எங்காவது கழன்றுவிட்டால் கம்பம் முழுவதும் கரண்ட் நிற்கும். மூன்று வயர் இல்லாமல் இரும்புக் கம்பத்தை நட விடாதீர்கள்.

எர்த் மட்டும் போதாது, ஆர்.சி.சி.பி. என்கிற ஒரு சாதனமும் மெயின் போர்டில் இருக்க வேண்டும். "அதான் எம்.சி.பி. இருக்கே" என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், கணக்குக்கு 6000 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் கரண்ட் போனால்தான் அது விழும். வயர் எரியாமல் காப்பாற்ற அது போதும். மனித உடம்புக்கோ 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே ஆபத்து. அதாவது அதில் இருநூறில் ஒரு பங்கு. கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால், அந்த 30 மில்லி ஆம்பியருக்குள்ளேயே சட்டென்று விழுகிற மாதிரி செய்யப்பட்டதுதான் ஆர்.சி.சி.பி. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அமுக்கிப் பாருங்கள். பட்டென்று விழுந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். மாதாமாதம் கேஸ் டியூபைப் பார்க்கிறோம், இதையும் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

அப்புறம், கொடிக்கம்பி! வாசலில் ஒரு கம்பம் நின்றால் நம் கண்ணுக்கு அது துணி காயப்போடத்தான் தெரியும். அதிலிருந்து வேப்ப மரத்துக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டினால் ஆச்சு. கம்பத்தில் ஏறிய கரண்ட் அந்தக் கம்பி வழியாகத் தோட்டம் வரை போகும். ஈரத் துணியைப் போடுகிற கை யாருடையது? மழைக்காலம் வந்தாலே கம்பத்தில் கொடி கட்டாதீர்கள், ஆடு மாடு கட்டாதீர்கள் என்று மின்வாரியம் எச்சரிக்கை கொடுக்கிறது. அது தெருக்கம்பத்துக்கு மட்டும் சொன்னதில்லை. வீட்டு விளக்குக் கம்பத்துக்கும் சேர்த்துத்தான். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் சீரியல் லைட்டை இரும்புக் கம்பத்தில் சுற்றுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

இரும்புதான் வேண்டும் என்று யார் சொன்னது? கேட்டுக்கு இரண்டு பக்கமும் செங்கல் தூண் கட்டத்தானே செய்கிறோம், அதன் தலையிலேயே விளக்கை வைத்துவிட்டால் தனிக் கம்பமே தேவையில்லை. செலவும் மிச்சம். தோட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்க வேண்டுமென்றால் சிமெண்டுத் தூண் போடலாம். கிராமத்து வேலிக்கு நடுகிற கல்லுக்கால் இருக்கிறதே, அதையும் போடலாம். மேலூர்ப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. துருப்பிடிக்காது, பெயிண்டும் அடிக்க வேண்டாம். கல்லாக இருந்தாலும் மேலே மாட்டுகிற விளக்கு உலோகம் என்றால் அதற்கு எர்த் வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கம்பம் நடுவதில் மண்ணைப் பார்க்க வேண்டும். நம் ஜில்லாவில் எல்லா இடமும் ஒரே மண் இல்லை. மேலூர்ப் பக்கம் செம்மண். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். கரிசல் மண் மழையில் ஊறி உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஓர் அடி குழி தோண்டிக் கம்பத்தைச் செருகி மேலே சிமெண்டைப் பூசிவிட்டால், அடுத்த வருஷமே கம்பம் சாய்ந்து நிற்கும். சாயும்போது அடியில் உள்ள வயரையும் இழுக்கும். ஆகவே கரிசலில் கெட்டி மண் வருகிற வரை தோண்டி, அடியில் கிராவல் போட்டு இடித்து, கான்கிரீட் மேடை கட்டி, அதன் மேல் போல்ட் வைத்துக் கம்பத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மேடை தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். வாசல் தெளிக்கிற தண்ணீரும் மழைத் தண்ணீரும் கம்பத்தின் காலில் நிற்கக் கூடாது.

வயரை மண்ணில் வெறுமனே போட்டு மூடக் கூடாது. குழாய்க்குள் விட்டு, இரண்டு இரண்டரை அடி ஆழத்தில் போட்டு, மேலே மணல் பரப்பி, அதன் மேல் ஒரு வரிசை செங்கல் அடுக்கி மூட வேண்டும். பின்னாளில் மல்லிகைப் பதியன் வைக்க நாமே மண்வெட்டியால் கொத்தும்போது, செங்கல் தட்டுப்பட்டால் "கீழே வயர் இருக்கு" என்று தெரிந்துகொள்ளலாம். மூடுவதற்கு முன்னால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்துக்கூட வயர் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும்.

விளக்கு வாங்கும்போது டப்பாவில் ஐ.பி. 65 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் எண்ணான 6, தூசி உள்ளே போகாது என்று சொல்கிறது. இரண்டாவது எண்ணான 5, பீய்ச்சி அடிக்கிற தண்ணீரும் உள்ளே போகாது என்கிறது. வீட்டுக்குள் மாட்டுகிற விளக்கு பெரும்பாலும் ஐ.பி. 20 தான். தண்ணீருக்கு அதில் காப்பே இல்லை. அதை வெளியில் மாட்டினால் சாரல் அடிக்கும்போது தொல்லைதான். நம் சித்திரை வெயிலும் சாமானியமானது இல்லை. மட்டமான பிளாஸ்டிக் உருண்டை மஞ்சளாகி, நொறுங்கிப்போகும். காற்றோட்டமே இல்லாத சின்ன உருண்டைக்குள் எல்.இ.டி. பல்பைப் போட்டால், சூட்டில் அதற்குள் இருக்கிற சர்க்யூட் சீக்கிரம் போய்விடும். பல்புக்கும் மூடிக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கட்டும்.

சுவிட்ச் எங்கே? இதையும் நாம்தான் சொல்ல வேண்டும். கேட்டுக்கு வெளியே வைத்தால் ஈரக்கையும் சாரலும் படும். நிலைக்கதவுக்கு உள்பக்கம், மாமியார் கைக்கும் எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். கதவைத் திறப்பதற்கு முன் விளக்கைப் போட்டு யாரென்று பார்க்க வேண்டும். திறந்த பிறகு போட்டு என்ன பிரயோஜனம்? சுவிட்ச், சிவப்பு வயரைத்தான் துண்டிக்க வேண்டும். கறுப்பில் போட்டுவிட்டால், விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அணைத்த பிறகும் பல்பு மினுக் மினுக் என்றால் சும்மா விடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

2012-ல் தென் மாவட்டங்களில் கரண்ட் இல்லாமல் நாம் பட்ட பாடு மறந்திருக்காது. இப்போது பல வீடுகளில் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. ஹாலுக்கு ஃபேன், டி.வி. என்று கொடுக்கிற இன்வெர்ட்டர் இணைப்பில் வாசல் விளக்கையும் சேர்க்கச் சொல்லுங்கள். தெருவே இருட்டாகும் நேரத்தில்தான் வாசல் விளக்கு அவசியம். வயர் இழுக்க வசதியில்லாத இடத்துக்கு சோலார் விளக்கு நல்லது. அதில் வோல்டேஜ் குறைவு என்பதால் ஷாக் பயமும் இல்லை. ஆனால் மர நிழலில் வைக்கக் கூடாது. பேட்டரியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் நடுராத்திரிக்குள் மங்கிவிடும். தோட்டத்துக்கு சரி. கேட்டுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

"ராத்திரி முழுக்க எரிஞ்சா பில்லு எகிறிடுமே" என்று ஒன்பது மணிக்கே வாசல் விளக்கை அணைக்கிற வீடுகள் நிறைய. நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை 12 மணி நேரம் எரிந்தால் 108 வாட்-மணி. இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளைக்கு 6480. ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட் என்றால் ஆறரை யூனிட்! குண்டு பல்பு காலத்தில் இதுவே 43 யூனிட் ஆகியிருக்கும். அணைக்கச் சொன்னார்கள், நியாயம். ஆறரை யூனிட்டுக்காக இன்றைக்கும் அணைக்க வேண்டுமா?

யாருக்காக எரிய வேண்டும் என்றா கேட்கிறீர்கள்? மாசி வீதி ஜவுளிக்கடைகளில் நின்ற காலோடு வேலை பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி நடக்கிற பெண்களுக்காக. ராத்திரி டூட்டி முடிந்து வருகிற நர்ஸ்களுக்காக. டியூஷன் முடிந்து சைக்கிளில் வருகிற பிள்ளைகளுக்காக. மாநகராட்சி தெருவிளக்கு எரியாவிட்டால் புகார் கொடுக்க வேண்டியது நம் கடமை. அது சரியாகி வருகிற வரை, நாலு வீட்டு வாசலில் நாலு விளக்கு எரிந்தால் அந்தப் பெண் தைரியமாக நடப்பாளே! நம் வீட்டுப் பெண்ணும் வேறொரு தெருவில் அப்படி நடந்து வந்துகொண்டிருப்பாள் அல்லவா?

அதற்காகக் கம்பத்தை காம்பவுண்டுக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில் நட்டுவிடாதீர்கள். அது மாநகராட்சி இடம். கரண்டையும் நம் மீட்டரிலிருந்துதான் எடுக்க வேண்டும். தெருக்கம்பத்திலிருந்து கொக்கி போடுவது குற்றம், அதைவிட ஆபத்து. நம் கம்பம் நம் சுவருக்கு உள்ளே நிற்கட்டும், வெளிச்சம் மட்டும் தெருவுக்குப் போகட்டும்.

எலக்ட்ரீஷியன் வந்ததும் கேட்பதற்கு ஐந்து கேள்விகளைச் சொல்கிறேன். மின்கம்பியாள் சான்று இருக்கிறதா? கம்பத்துக்குப் பச்சை வயர் தனியாக வருகிறதா? மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டுவீர்களா? வயர் எவ்வளவு ஆழத்தில் போகிறது? சுவிட்ச் சிவப்பு வயரில்தானே? இதில் ஒன்றுக்காவது முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். நல்ல வேலைக்காரர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

ஏற்கெனவே கம்பம் நிற்கிற வீடுகளில், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை எல்லாவற்றையும் பரிசோதித்துவிடுங்கள். கோடையில் மண் காய்ந்து எர்த் குழி வறண்டுவிடும். எர்த் குழியில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பத்தைத் தொடும்போது லேசாக விறுவிறு என்றால்கூட "பரவாயில்லை, சின்ன ஷாக்குதான்" என்று விடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள். தெருவில் வயர் அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நம்மையும் அடிக்கும். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். உடனே 108-க்கு போன் போடுங்கள்.

இதெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மட்டும் புரிகிற சமாச்சாரம் இல்லை. புது குக்கர் வாங்கினால் வால்வு, காஸ்கெட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தானே வாங்குகிறோம்? அதே மாதிரி இதையும் கேட்போம். விளக்கின் அழகுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் கொடுக்கச் சொல்வோம். மீதிப் பணத்துக்குக் கிடைக்கிற விளக்கு எதுவோ, அதுவே நம் வாசலுக்கு அழகு. "கரண்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று இனி யாராவது கேட்டால், பச்சை வயரைக் காட்டச் சொல்லி நாம் திருப்பிக் கேட்போம். என்ன சொல்கிறீர்கள் சகோதரிகளே?

– ஓர் இல்லத்தரசி, மதுரை.